எனக்கு எங்கே சுதந்திரம்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பிரெஞ்சு தத்துவவாதி சார்த்தரோட ஒரு வரியை எடுத்துப் போட்டிருந்தேன், சுதந்திரமா இருந்தே தீரணும்ங்கிறதுதான் மனுஷனுக்கு விதிச்ச தண்டனைங்கிற அந்த வரி. நாலு பேர் எழுதினா பெரிசுன்னு நினைச்சேன், கடிதமும் மெயிலுமா குவிஞ்சிடுச்சு. எல்லாத்துக்கும் இங்க பதில் சொல்ல இடமில்ல. திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் சிலது, அப்புறம் ரெண்டு நாள் என்னைத் தூங்கவிடாத ஒரு கடிதம், இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டிருந்ததால யார் பேரும் இல்ல.

அக்கா, எனக்கு 29 வயசு. நல்ல வேலை, நல்ல சம்பளம், வீட்லயும் பிரச்சினை இல்ல. ஆனா காலைல எழுந்தா எதுக்கு எழுந்தேன்னு தெரியல. என் வாழ்க்கையோட அர்த்தத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

"கண்டுபிடிக்கிறது"ங்கிற சொல்லுதான் தம்பி உங்களைப் போட்டுப் படுத்துது. சாவியைத் தொலைச்சவங்க தேடுவாங்க, ஏன்னா அது எங்கயோ ஒரு மூலைல கெடக்குதுன்னு தெரியும். அர்த்தம் அப்படி எங்கயும் கெடக்கல, உங்க பேரை எழுதி யாரும் எடுத்து வைக்கவும் இல்ல.

1945 அக்டோபர் 29ஆம் தேதி பாரிஸ்ல ஒரு கூட்டத்துல சார்த்தர் பேசினார். போர் முடிஞ்சு சில மாசம்தான் ஆகியிருந்துச்சு, நாலு வருஷம் ஜெர்மன் ராணுவத்தோட பிடியில இருந்த ஊரு, யார் காட்டிக் குடுத்தாங்க யார் எதிர்த்து நின்னாங்க யார் நமக்கென்னன்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தாங்கன்னு எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டிருந்த நேரம், அரங்கு கொள்ளாத கூட்டம். அங்க அவர் எடுத்த உதாரணம் ரொம்ப சாதாரணமானது, காகிதம் வெட்டுற கத்தி. கத்தி செய்றவர் மனசுல அது எதுக்குன்னு முதல்லயே இருக்கு, அப்புறம்தான் கத்தியே வருது. மனுஷன் விஷயத்துல இது தலைகீழ். முதல்ல வந்து நிக்கிறோம், எதுக்குங்கிறது நாம செய்ற காரியத்துல இருந்துதான் பின்னாடி உருவாகுது. இருப்பு முந்தி, சாரம் பிந்தி.

அதனால "எனக்கு எது அர்த்தம் தரும்"னு உக்காந்து யோசிச்சா ஒண்ணும் வராது தம்பி, எனக்கும் வந்ததில்ல. நீங்க மூணு பக்கம் எழுதியிருக்கீங்க, முக்கால்வாசி சலிப்பு. ஆனா ரெண்டாவது பக்கத்துல, போற போக்குல, புதுசா சேர்ந்த ஒரு பொண்ணுக்கு ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் பக்கத்துல உக்காந்து வேலை சொல்லிக் குடுத்தேன், அவ தப்பு பண்ற இடம் எதுன்னு பார்த்துப் பார்த்துப் புரிய வச்சேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்க மட்டும் கையெழுத்து வேகமா ஓடுது, எழுத்து சாயுது. யாரும் உங்களை அதைச் செய்யச் சொல்லல, சம்பளத்துலயும் அது சேராது. அதை இன்னொரு தடவை செய்ங்க, கொஞ்சம் பெரிசா செய்ங்க, வாரத்துல ஒரு நாள்னு வச்சுக்கிட்டு செய்ங்க. ஆறு மாசம் கழிச்சு அர்த்தம் இருந்துச்சா இல்லையான்னு நீங்களே எனக்கு எழுதுங்க.

என் வீட்டுக்காரருக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது, கத்தித் தீர்த்துட்டு அப்புறம் "என் பிறவிக் குணம், என்ன பண்றது"ம்பார். பிறவிக் குணம்னு ஒண்ணு இருக்கா மேடம்?

சட்டுனு ரத்தம் சூடாகுறது பிறவியில வந்திருக்கலாம், அதை நான் மறுக்கல. ஆனா சூடானதுக்கு அப்புறம் யார் மேல கத்துறோம், யார் முன்னாடி வாயை மூடிக்கிறோம்ங்கிறது பிறவியில வராது. மேலதிகாரி திட்டும்போது உங்க வீட்டுக்காரர் இப்படிக் கத்துறாரான்னு ஒரு தடவை நிதானமா அவர்கிட்டயே கேட்டுப் பாருங்க.

சார்த்தர் 1943ல எழுதின பெரிய புத்தகத்துல ஒரு கஃபே சர்வர் வருவார். நடை கொஞ்சம் அளவுக்கு மீறி விறைப்பா இருக்கும், தட்டைத் தூக்குற விதம் அளவுக்கு மீறி கச்சிதமா இருக்கும், நாற்காலி நாற்காலியா இருக்கிற மாதிரி தான் சர்வராவே இருக்கோம்னு அவர் நடிச்சுக்கிட்டிருப்பார். நான் ஒரு பொருள், எனக்குன்னு ஒரு குணம் செதுக்கி வச்சிருக்கு, அதை மாத்த முடியாதுன்னு மனுஷன் தன்னைத்தானே ஏமாத்திக்கிறதுக்கு அது உதாரணம். கோழையும் பிறக்குறது இல்ல, கோழைத்தனமா நடந்து நடந்துதான் கோழை ஆகுறான்னு 1945 பேச்சுலயும் சொன்னார். கோவக்காரருக்கும் அதே கணக்குதான்.

இதுல நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறது வேற ஒண்ணு. அவர் கோவம் பிறவிக் குணம்னு வீட்ல எல்லாரும் ஒத்துக்கிட்டா உங்க பொறுமையும் பிறவிக் குணம்னு ஆயிடும், பொம்பளைன்னா பொறுத்துக்கத்தான் பிறந்தவள்னு. பெண்ணாக யாரும் பிறக்கிறதில்ல, பெண்ணா ஆக்கப்படுறாங்கன்னு சார்த்தரோட துணைவியா வாழ்ந்த எழுத்தாளர் சிமோன் த பொவார் 1949ல எழுதினது இதைத்தான். உங்க பொறுமையும் நீங்க தினம் தினம் செய்ற ஒரு காரியம், அதை எதுவரைக்கும் செய்றதுன்னு நீங்க சொல்லலாம். கத்துறதோட நிக்காம கை ஓங்குற நிலைமைன்னா முதல்ல பாதுகாப்பான இடத்துக்குப் போங்க, தத்துவம் எல்லாம் அப்புறம்.

வேலையை விட்டுட்டு எனக்குப் பிடிச்சதைப் படிக்கப் போகலாமான்னு ஒரு வருஷமா யோசிக்கிறேன். நினைச்சாலே நெஞ்சு படபடங்குது. இவ்வளவு பயம் வருதுன்னா அது தப்பான முடிவுன்னு மனசு சொல்லுதா?

பயம் வேற, இந்தப் படபடப்பு வேற. டென்மார்க் தத்துவவாதி கீர்க்கெகார்ட் 1844லேயே இதைப் பிரிச்சுக் காட்டிட்டார். பயம்னா அதுக்கு ஒரு பொருள் இருக்கும், பாம்பு, நோய், கடன்காரன்னு விரலை நீட்டிக் காட்டலாம். இதுக்கு அப்படிக் காட்ட எதுவும் இருக்காது. மலை விளிம்புல நின்னு கீழ எட்டிப் பார்க்கும்போது தலை சுத்துமே, அந்த மாதிரி சுதந்திரத்தைப் பார்க்கிறப்போ வர்ற தலைசுத்தல்தான் இதுன்னார். சார்த்தர் அதையே இன்னும் கொஞ்சம் இழுத்தார். விளிம்புல நிக்கும்போது விழுந்துடுவோமோங்கிறது பயம், குதிக்கணும்னா குதிக்கலாம், என்னைத் தடுக்க இங்க என்னைத் தவிர யாரும் இல்லன்னு புரியுது பாருங்க, அதுதான் இந்தப் படபடப்பு. அதனால அது முடிவு சரியா தப்பான்னு சொல்லவே சொல்லாது. முடிவு உங்க கையில இருக்குன்னு மட்டும்தான் சொல்லும்.

நான் ஒரு காலத்துல ராஜினாமா கடிதத்தை டைப் பண்ணி டிராஃப்ட்ல வச்சிருந்தேன், பதினோரு மாசம். தினமும் காலைல ஆபீஸ் போய் உக்காந்ததும் அதைத் திறப்பேன், ஒரு கமாவை எடுப்பேன், "மிகுந்த வருத்தத்துடன்"ங்கிறதை "வருத்தத்துடன்"னு மாத்துவேன், மறுநாள் திரும்ப "மிகுந்த"வைச் சேர்ப்பேன், மூடிடுவேன். நான் இன்னும் முடிவெடுக்கலன்னு அந்தப் பதினோரு மாசமும் நினைச்சுக்கிட்டிருந்தேன், ஆனா தினமும் காலைல இன்னைக்கு அனுப்ப வேண்டாம்னு முடிவெடுத்துட்டுத்தான் அதை மூடியிருக்கேன், இருநூறு தடவைக்கு மேல ஒரே முடிவு, ஒரு தடவைகூட நான் எடுத்தேன்னு ஒத்துக்காம. அது உறைச்ச அன்னைக்குக் கை நடுங்கிச்சு. அனுப்பினதுக்கு அப்புறமும் நடுக்கம் போகல, ரொம்ப நாள் இருந்துச்சு, அதனால அனுப்பினா நிம்மதி வரும்னு உங்ககிட்ட சத்தியம் பண்ண மாட்டேன். கீர்க்கெகார்ட் 1841ல தனக்கு நிச்சயமான பொண்ணை வேண்டாம்னு சொன்னவர், அந்த ஒரு முடிவோட பாரத்தை அதுக்கப்புறம் எழுதின எழுத்துலயெல்லாம் சுமந்துக்கிட்டே இருந்தார்.

இன்னொண்ணு, யார்கிட்ட யோசனை கேக்கிறோம்ங்கிறதுலயே பாதி முடிவு இருக்கு. நீங்க அப்பாகிட்ட கேக்காம எனக்கு எழுதியிருக்கீங்க. ஏன்னு யோசிங்க.

எனக்கு 41 வயசு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷம் ஆகுது, பேச்சு வராது. அண்ணன் வெளிநாட்ல, பணம் அனுப்புவான். பக்கத்துல இருக்கிறது நான் மட்டும்தான். படுக்கைப் புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், ராத்திரியும் அலாரம் வச்சு எழுந்திரிக்கிறேன். மனுஷன் சுதந்திரமானவன்னு நீங்க எழுதினதைப் படிச்சிட்டு உங்க பத்திரிகையைத் தூக்கி எறிஞ்சிட்டேன். எனக்கு எங்கே சுதந்திரம்?

எறிஞ்சது நியாயம்தான்ம்மா. எல்லாருக்கும் ஒரே அளவு சுதந்திரம் அளந்து வச்ச மாதிரி நான் எழுதிட்டேன். இந்தச் சண்டை சார்த்தருக்கும் பொவாருக்கும் நடுவுலயே நடந்திருக்கு. 1940ல சார்த்தர், எந்த நிலைமையிலயும் மனுஷன் அதைத் தாண்ட முடியும்னு சொன்னப்போ பொவார் ஒத்துக்கல, அந்தப்புரத்துல பூட்டி வச்ச பொம்பளைக்கு என்ன தாண்டல் இருக்கு, நிலைமைக்கு நிலைமை சுதந்திரம் ஒண்ணா இருக்காதுன்னு வாதாடினாங்க. பின்னாடி சார்த்தரும் இறங்கி வந்தார். நான் பொவார் பக்கம். ராத்திரி மூணு தடவை எழுந்திரிக்கிற உங்களுக்கும், தூங்கி எழுந்து இதை எழுதுற எனக்கும் வழி ஒரே எண்ணிக்கையில இல்ல.

அதுக்காக ஒரு வழியும் இல்லன்னு எழுத எனக்கு மனசு வரல, ஏன்னா உங்க கடிதமே அதுக்கு எதிரா சாட்சி சொல்லுது. அப்பாவைத் திருப்புறதுக்கு முன்னாடி "அப்பா, திருப்பப் போறேன்"னு சொல்லிட்டுத்தான் தோள்ல கை வைப்பேன்னு எழுதியிருக்கீங்க. அவர் பதில் சொல்லப் போறதில்ல. திருப்பி முடிச்சிட்டு முதுகுக்குக் கீழ விரிப்புல ஒரு சுருக்கம் இல்லாம உள்ளங்கையால நீவி விடுவேன், சின்ன மடிப்பு இருந்தாலும் தோல் சிவந்துடும்னு எழுதியிருக்கீங்க. விரிப்பை நீவுறது நர்ஸ் சொல்லிக் குடுத்திருப்பாங்க. ஆனா பேச முடியாதவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டுத் தொடுறது யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க, ராத்திரி மூணு மணிக்கு யாரும் பார்க்கப் போறதும் இல்ல. நிலைமை உங்களை அப்பா பக்கத்துல கொண்டுவந்து நிறுத்துச்சு, அது நீங்க கேட்டு வாங்கினது இல்ல. அவரை ஒரு மூட்டையா புரட்டாம மனுஷனா நடத்துறது மட்டும் நிலைமை குடுத்தது இல்ல, அது நீங்களா செய்றது.

இதைச் சொல்றதால உங்களைத் தெய்வமாக்கிட்டு நான் நகர்ந்துக்கப் போறது இல்ல. நாஜிகளோட வதை முகாம்கள்ல இருந்து உயிரோட வந்த மனநல மருத்துவர் விக்டர் பிராங்க்ல், எல்லாத்தையும் பிடுங்கினாலும் ஒரு நிலைமையை எப்படி எதிர்கொள்றதுங்கிற தேர்வை மட்டும் பிடுங்க முடியாதுன்னு 1946ல எழுதினார். தன் சொந்த அனுபவத்துல இருந்து அவர் சொன்னது, அதுக்கு முன்னாடி நான் தலை குனியுறேன். ஆனா அதையே எடுத்துட்டுப் போய், கஷ்டப்படுற இன்னொருத்தர்கிட்ட "உன் மனசை மாத்திக்கோ, எல்லாம் சரியாயிடும்"னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். உங்க மனசுல கோளாறு இல்லம்மா. தூக்கம் இல்ல, மாத்தி விட ஆள் இல்ல, அதுதான் கோளாறு.

சார்த்தர்கிட்ட ஒரு மாணவர் வந்த கதை அந்த 1945 பேச்சுல வருது. அண்ணன் 1940 போர்ல செத்துட்டான், அப்பா எதிரிப் பக்கம் சாயுறவர், அம்மாவுக்கு இவனை விட்டா யாரும் இல்ல. இங்கிலாந்து போய் விடுதலைப் படையில சேர்ந்து சண்டை போடுறதா, அம்மா கூடவே இருக்கிறதா? எந்த வேதமும் எந்த அறநூலும் இதுக்கு விடை வச்சிருக்கல. நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு, நீயே உருவாக்குன்னார் சார்த்தர். முதல்ல படிச்சப்போ என்ன மனுஷன் இவர், ஒரு பையன் அழுதுக்கிட்டு வந்து நிக்கிறான் இப்படிக் கையை விரிக்கிறாரேன்னு கோவம் வந்துச்சு. இப்போ உங்க கடிதத்தைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்போது தெரியுது, இரு-ன்னு சொல்ற உரிமையும் எனக்கு இல்ல, போ-ன்னு சொல்ற உரிமையும் இல்ல.

ஆனா ஒரு இடத்துல உங்ககிட்ட மல்லுக்கட்டுவேன். "அண்ணன் பணம் அனுப்புவான்"னு ஒரே வரியில கடந்துட்டீங்க. அவரும் ஒரு முடிவெடுத்திருக்கார், அங்கயே இருக்கிறதுன்னு, அந்த முடிவை உங்க தூக்கத்தை வச்சு நடத்துறார். "உனக்குத்தான் இதெல்லாம் கைவந்திருக்கு"ன்னு போன்ல சொல்வார்னு எழுதியிருக்கீங்க, அந்த வார்த்தையை ஏத்துக்காதீங்க. ராத்திரிக்கு மட்டும் ஒரு ஆள் போடணும், அதுக்கான பணம் தனியா வேணும், வருஷத்துக்கு ஒரு மாசம் நீ வந்து பார்த்துக்கணும், அந்த மாசம் நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன், இதை உடைச்சுச் சொல்லுங்க. அவர் மாட்டேன்னும் சொல்லலாம், சொன்னா அது அவர் எடுத்த முடிவுன்னு அவருக்கும் தெரியட்டும். அடுத்தவங்க சுதந்திரமா இருக்கணும்னு விரும்பாம தன் சுதந்திரத்தை மட்டும் விரும்புறதுல நியாயம் இல்லங்கிறதுதான் பொவார் 1947ல எழுதின அறநூலோட மையம், அது உங்க அண்ணனுக்கும் பொருந்தும்.

கோவம் வருது, சில சமயம் இவர் போயிட்டா தேவலன்னு தோணுது, நான் பாவியான்னு கடைசி வரியில கேட்டிருக்கீங்க. இல்லம்மா. 1963ல தன் அம்மா கடைசி நாட்கள்ல ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ பொவார் பக்கத்துல இருந்தாங்க, அடுத்த வருஷம் அதை ஒளிக்காம எழுதினாங்க, பாசமும் பழைய கசப்பும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கும். ரெண்டும் ஒரே நெஞ்சுல இருக்கலாம்.

கடவுள் நம்பிக்கை உள்ளவங்க இருத்தலியல்வாதியா இருக்க முடியுமா?

தாராளமா. மனுஷன் தன் தேர்வுகளாலதான் தன்னை உருவாக்கிக்கிறான்னு இதுவரைக்கும் பேசினோமே, அந்தத் தத்துவத்துக்குத்தான் இருத்தலியல்னு பேர். கீர்க்கெகார்ட் ஆழமான கிறிஸ்தவர், சபையோடதான் அவருக்குச் சண்டை, கடவுளோட இல்ல. பிரெஞ்சு தத்துவவாதி கேப்ரியல் மார்சல் கத்தோலிக்கர். சார்த்தர் நாத்திகர். இருத்தலியல்வாதிகள்ல ரெண்டு வகை உண்டுன்னு சார்த்தரே சொல்லியிருக்கார். பைபிள்ல, மகனைப் பலி குடுன்னு ஆபிரகாமுக்கு ஒரு குரல் கேக்குது, அது கடவுள் குரல்தானான்னு யார் முடிவு பண்றது? ஆபிரகாம்தான். நம்பிக்கை இருக்கிறவங்களுக்கும் அந்த இடத்துல துணைக்கு ஆள் கிடையாது.

காலேஜ் படிக்கிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவைப் படிச்சதுல இருந்து எல்லாம் அபத்தமா தெரியுது. கடைசில ஒண்ணுமே இல்லன்னா எதுக்குப் படிக்கணும், எதுக்கு இருக்கணும்?

முதல்ல ஒண்ணு கேக்குறேன் தம்பி. இந்த "எதுக்கு இருக்கணும்" புத்தகத்தை மூடினதும் போயிடுதா, இல்ல சாப்பாடு இறங்காம தூக்கம் வராம கூடவே ஒட்டிக்கிட்டு இருக்கா? ரெண்டாவதுன்னா அது காம்யு குடுத்தது இல்ல, இன்னைக்கே உங்க வீட்லயோ நம்புற ஒரு நண்பர்கிட்டயோ வாய் விட்டுச் சொல்லுங்க, மனநல மருத்துவரைப் பாருங்க. காய்ச்சலுக்குப் போற மாதிரிதான் அதுவும்.

புத்தகத்தோட முடியுற கேள்வின்னா பேசலாம். காம்யு 1942ல எழுதினது வாழ்க்கை வீண்னு சொல்ல இல்ல. பதினேழு வயசுல காசநோய் வந்து படுத்தவர், நாளைக்கு இருப்போமான்னு தெரியாம வளர்ந்தவர், வாழ வேண்டாம்ங்கிற முடிவை எதிர்த்து வாதாடத்தான் அந்தப் புத்தகத்தையே எழுதினார். அபத்தம் உலகத்துலயும் இல்ல, மனுஷன்கிட்டயும் இல்ல. மனுஷன் ஏன்னு கேக்கிறான், உலகம் பதில் சொல்ல மாட்டேங்குது, அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் அபத்தம் இருக்குன்னார். அதனால கேக்கிறவனே இல்லாம போறது தீர்வு ஆகாது. (தான் இருத்தலியல்வாதி இல்லன்னும் அவர் சொல்லிக்கிட்டார், சார்த்தரோட நட்பும் 1952ல முறிஞ்சு போச்சு, அதை இன்னொரு நாள் பேசலாம்.)

அந்தப் புத்தகத்துல வர்ற சிசிபஸ் கிரேக்கக் கதையில வர்றவன், மலைமேல ஒரு பாறையை உருட்டிக்கிட்டே இருக்கணும், அது ஒவ்வொரு தடவையும் கீழ உருண்டுடும், அதுதான் தெய்வங்கள் அவனுக்குக் குடுத்த தண்டனை. எல்லாரும் அவன் பாறையை மேல உருட்டுறதையே பேசுறாங்க. காம்யு பார்த்தது அவன் கீழ இறங்கி வர்ற அந்தக் கொஞ்ச நேரத்தை. பாறை உருண்டு போயிடுச்சு, கை காலி, தான் என்ன செய்யப் போறோம்னு முழுசா தெரிஞ்சே நடந்து இறங்குறான். அவன் சந்தோஷமா இருக்கான்னு நினைச்சுத்தான் ஆகணும்னு காம்யு முடிச்சார். அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் முழுசா ஒட்டல. ஆனா 1947ல வந்த அவரோட கொள்ளைநோய் நாவல்ல ஒரு டாக்டர் வருவார், இது முடிவே இல்லாத தோல்வின்னு தெரிஞ்சும் அடுத்த நோயாளி வீட்டுக் கதவைத் தட்டப் போவார். அவரை எனக்குப் புரியுது. சிசிபஸோட நிறுத்தாம அவரையும் படிங்க.

"தீதும் நன்றும் பிறர்தர வாரா"ன்னு நம்ம கணியன் பூங்குன்றனார் சொன்னதும் இதுவும் ஒண்ணுதானே?

அந்த வரி வரைக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், நன்மையும் தீமையும் அடுத்தவங்க குடுத்து வரதில்ல, பழியை யார் மேலயும் போட முடியாது. ஆனா பாட்டு அங்க நிக்கல. மலையில மழை கொட்டி, கல்லுல மோதி இரையுற பெரிய ஆத்துல, தண்ணி போற வழியில போற புணை, அதாவது தெப்பம் மாதிரி, உயிர் முறைவழி, விதி இழுக்கிற வழியில போகும்னு அடுத்து சொல்றார். சார்த்தர் இதுக்குச் சண்டைக்கு வந்திருப்பார், புணைமேல இருக்கிறவன் கையில துடுப்பு இல்லையான்னு கேட்டிருப்பார். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகர் 1927லேயே, நாம கேக்காமலே இந்த உலகத்துக்குள்ள எறியப்பட்டவங்கன்னு எழுதினார், அவர் வேணும்னா அந்த ஆத்தைப் புரிஞ்சிருப்பார். நானும் துடுப்பு கட்சிதான், இருந்தாலும் அந்தப் பாட்டு புணையில இருந்து போய்ச் சேர்ற இடத்தைப் பாருங்க, அதனால பெரியவங்களைப் பார்த்து வியக்குறதும் இல்ல, சின்னவங்களை இகழ்றது அதைவிட இல்லன்னு முடியும். ஒருத்தர் எங்க நிக்கிறார்ங்கிறதுல அவர் துடுப்பு போட்டது எவ்வளவு, ஆறு இழுத்தது எவ்வளவுன்னு வெளிய இருந்து நமக்குத் தெரியாது. இந்த இரக்கத்தைச் சார்த்தர்கிட்ட தேடித் தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கல. பொவார்கிட்ட கொஞ்சம் கிடைச்சுது.